காய்கறியைத் தொடாத பெரியவர்களின் தட்டில் காயைக் கலப்பது எப்படி? தொடக்கநிலைச் செய்முறை

"எனக்குக் காய்கறியே பிடிக்காது" என்று சொல்பவர்களின் தட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தக்காளி சாஸை மறுப்பதில்லை. உருளைக்கிழங்கை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். நன்றாக வதங்கிய வெங்காயம் இருப்பதையே கண்டுகொள்வதில்லை. அவர்களைத் தடுப்பது காய் என்ற பொருள் அல்ல, அதில் இருக்கும் ஏதோ ஒரு குணம்தான்: வழவழப்பு, பல்லில் மாட்டும் நார், கசப்பு, வேகும்போது கிளம்பும் வாடை, சாப்பாட்டின் நடுவே தெரியும் பச்சைத் துணுக்கு. அந்தக் குணத்தை மட்டும் நீக்கிவிட்டால் காய் தானாக உள்ளே போய்விடும். வேலை அவ்வளவுதான், ஆனால் அதில் அளவும் பதமும் முக்கியம்.

தொடங்குவதற்கு முன்: சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

சாப்பிடப் போவது குழந்தை அல்ல, பெரியவர். "இனிமேல் சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய் சேர்க்கப் போகிறேன், எதில் எவ்வளவு என்று நீங்கள் கேட்டால்தான் சொல்வேன்" என்று ஒரு முறை பேசி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். இது மரியாதைக்காக மட்டும் அல்ல. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கீரையின் அளவு திடீரென்று கூடினால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ள சிலர் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். ஒவ்வாமை இருந்தால் கேட்கவே வேண்டாம். இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: தடுப்பது எது என்று கண்டுபிடியுங்கள்

"எந்தக் காய் பிடிக்காது?" என்று கேட்டால் நீளமான பட்டியல்தான் வரும், அதனால் பயனில்லை. "வாயில் வைத்ததும் என்ன தொந்தரவு செய்கிறது?" என்று கேளுங்கள்.

வழவழப்பு, கொழகொழப்பு என்றால் விழுதாக அரைத்து வேறொன்றில் கரைத்துவிட வேண்டும், அல்லது ஈரத்தை முழுவதும் வற்ற வைக்க வேண்டும். நார் என்றால் தோலும் தண்டும் போக வேண்டும். வாடை என்றால் பெரும்பாலும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ராக்கோலி குடும்பம்தான் காரணம். இவற்றில் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன, வேகும் நேரம் கூடக்கூட வாடையும் கூடும். ஆகவே குறைந்த நேரமே வேக விடுங்கள், மூடியைத் திறந்து ஆவியைப் போகவிடுங்கள்.

கசப்பு சற்று வேறு விஷயம். கசப்பை உணரும் மரபணு எல்லோருக்கும் ஒரே வகையாக இருப்பதில்லை. சிலருக்கு முட்டைக்கோஸ் குடும்பத்தின் கசப்பு உண்மையிலேயே அதிகமாகத் தெரியும். அவர்கள் அடம் பிடிக்கவில்லை, நாக்கு அப்படி. ஒரு சிட்டிகை உப்பு கசப்பை நன்றாக மட்டுப்படுத்தும். வெண்ணெய், பாலாடை போன்ற கொழுப்பும் உதவும். இவர்களுக்குக் கேரட், மஞ்சள் பூசணி போன்ற இனிப்பான காய்களில் தொடங்குவதே நல்லது.

படி 2: நிறத்துக்கு நிறம் சேருங்கள்

சிவப்புச் சாஸில் ஆரஞ்சு நிறக் காய், வெள்ளைப் பதார்த்தத்தில் காலிஃபிளவர், பழுப்பு நிறக் கொத்துக்கறியில் காளான். இந்த மூன்று பொருத்தங்களை மனதில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. கீரையைத் தக்காளியில் போடாதீர்கள். சிவப்போடு பச்சை சேர்ந்தால் சேற்று நிறம் வரும், அதோடு தக்காளியின் புளிப்பு கீரையின் பச்சையை மங்கலாக்கிப் பழுப்பேற்றும். பீட்ரூட் தொட்டதையெல்லாம் சிவப்பாக்கும் என்பதால் மறைக்கும் வேலைக்கு உதவாது. அடர்ந்த சாக்லேட் கேக்கில் மட்டும் தப்பிக்கும்.

படி 3: மூன்று விழுதுகளைத் தயாராக வையுங்கள்

தேவையான கருவிகள்: சமையல் தராசு, மிக்ஸி, ஆவியில் வேக வைக்கும் தட்டு, சின்னத் துளையுள்ள துருவி, ஒரு மெல்லிய பருத்தித் துணி, ஐஸ் ட்ரே. தராசு கட்டாயம் வேண்டும். கண்ணளவில் போட்டால் ஒரு நாள் தெரியாது, மறுநாள் தெரிந்துவிடும்.

ஆரஞ்சு விழுது: கேரட் 300 கிராம், தோல் சீவிய மஞ்சள் பூசணி 200 கிராம். கேரட்டை ஒரு செ.மீ. தடிமனுக்கு நறுக்கி ஆவியில் வையுங்கள். ஏழெட்டு நிமிடம் கழித்துப் பூசணியைச் சேருங்கள். மொத்தம் 15 முதல் 18 நிமிடம். முள்கரண்டியால் அழுத்தினால் கேரட் எதிர்ப்பில்லாமல் நசுங்க வேண்டும். ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு அரையுங்கள்.

வெள்ளை விழுது: காலிஃபிளவர் 500 கிராம், ஆவியில் 10 நிமிடம். தண்டு வெந்தவுடன் இறக்கி, ஐந்து நிமிடம் திறந்தே வைத்து ஆவி போனபிறகு, ஒரு தேக்கரண்டி வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து அரையுங்கள்.

பச்சை விழுது: தண்டு நீக்கிய பசலைக்கீரை 250 கிராம். கொதிக்கும் தண்ணீரில் ஒரே நிமிடம், உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றிப் பிழியுங்கள். அத்தனை கீரையும் கையளவு உருண்டையாகச் சுருங்கிவிடும். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு அரைத்தால் போதும்.

காயைத் தண்ணீரில் போட்டு வேக வைக்காமல் ஆவியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் வெந்தால் காய் நீரை இழுத்துக்கொள்ளும், விழுது நீர்த்துப்போகும், அது சேரும் பதார்த்தமும் நீர்த்துப்போகும். அரைத்தபின் ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மணல்போல் ஒரு சிறு துகள் தட்டுப்பட்டாலும் இன்னொரு நிமிடம் அரையுங்கள். விரலுக்குத் தெரிவது நாக்குக்கு நிச்சயம் தெரியும். வடிகட்ட மட்டும் வேண்டாம், நார்ச்சத்தில் ஒரு பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

ஐஸ் ட்ரேயில் ஒரு குழிக்கு 30 கிராம் என்று நிறுத்து ஊற்றி உறைய வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் மூன்று மாதம் வரை சுவை குன்றாது. ஃபிரிட்ஜின் கீழ்ப்பகுதியில் என்றால் மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள்.

படி 4: தக்காளிச் சாஸ், முதல் வெற்றிக்கு ஏற்ற இடம்

எந்தக் காயையும் தொடாதவரும் ஏமாற்றமில்லாமல் சாப்பிடுவது இதைத்தான். அதனால் இங்கிருந்து தொடங்குங்கள்.

தக்காளி 500 கிராம், வெங்காயம் 100 கிராம், பூண்டு 3 பல், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, ஆரஞ்சு விழுது 2 கட்டி, அதாவது 60 கிராம்.

வெங்காயத்தைச் சிறு தீயில் பத்து நிமிடம் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்குங்கள். பூண்டு ஒரு நிமிடம். தக்காளியைச் சேர்த்து 20 நிமிடம் சுண்ட விடுங்கள். விழுதுக் கட்டிகளைப் போட்டு இன்னும் பத்து நிமிடம் கொதிக்கட்டும். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். கேரட்டின் மணம் தக்காளியோடு கலக்கும் நேரம் அது. பிறகு மொத்தத்தையும் ஆறவைத்து ஒரு சுற்று அரையுங்கள். சூடாக அரைக்க நேர்ந்தால் மிக்ஸி ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஆவி போக வழி விட்டு மூடுங்கள். அடைத்து மூடினால் ஆவியின் அழுத்தத்தில் மூடி தெறித்துக் கையைச் சுட்டுவிடும்.

முதல் முறை 60 கிராமுக்கு மேல் போக வேண்டாம். இரண்டு மூன்று சாப்பாடு எந்தப் பேச்சும் இல்லாமல் போனால் 90 கிராம், அப்படியே 150 வரை ஏற்றலாம். அதற்கு மேல் சாஸ் இனிக்கத் தொடங்கும். இனிப்பு தெரிந்தால் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுச் சரிசெய்யுங்கள். குடைமிளகாய் சேர்க்க ஆசையென்றால் சிவப்பு வகையைச் சுட்டுத் தோலை உரித்துவிட்டுச் சேருங்கள். அந்தத் தோல் எவ்வளவு அரைத்தாலும் சுருண்ட இழையாக மிஞ்சும், காய் சாப்பிடாதவர் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான்.

படி 5: கொத்துக்கறியில் காளான்

கொத்துக்கறி 400 கிராமுக்குக் காளான் 100 கிராம். கறியின் துணுக்கு எந்த அளவோ அதே அளவுக்குக் காளானைக் கொத்துங்கள். அரைத்தால் பசையாகிவிடும்.

காளானில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். அதைப் பச்சையாகக் கறியில் பிசைந்தால் பொரிக்கும்போது நீர் வெளியேறி, கட்லெட் பொரிவதற்குப் பதில் வெந்து உதிரும். எனவே அகலமான வாணலியில் எண்ணெய் இல்லாமல், நடுத்தரத் தீக்குச் சற்றுக் கூடுதலாக வைத்து முதலில் வதக்குங்கள். மூன்றாவது நிமிடத்தில் தண்ணீர் விட்டுக் களகளவென்று கொதிக்கும். அதைப் பார்த்து வெந்துவிட்டது என்று இறக்கிவிடக் கூடாது. எட்டு நிமிடம் வாக்கில் அந்தச் சத்தம் அடங்கிச் சடசடவென்று மாறும், ஓரங்கள் பழுப்பேறும், அளவு பாதிக்கும் கீழே சுருங்கும். அதுதான் பதம். நன்றாக ஆறவைத்துக் கறியோடு கலந்து, வழக்கமான மசாலா சேர்த்துத் தட்டிப் போடுங்கள். உள்ளே சிவப்பு தெரியாதபடி முழுவதும் வேக வேண்டும்.

காளானுக்கு இயல்பாகவே கறியை ஒத்த சுவை உண்டு என்பதால் இங்கே அளவைத் துணிந்து ஏற்றலாம். சில வாரங்களில் இரண்டு பங்கு கறிக்கு ஒரு பங்கு காளான் வரை போகலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பயறு மசித்துச் செய்யும் கட்லெட்டிலும் இதே முறைதான்.

மற்ற நான்கு இடங்கள், சுருக்கமாக

மசித்த உருளைக்கிழங்கு: கிழங்கு 600 கிராமுக்கு வெள்ளை விழுது 150 கிராம். விழுதை வெறும் வாணலியில் மூன்று நிமிடம் கிளறி ஈரத்தை வற்றவைத்துச் சேருங்கள், வழக்கமாக ஊற்றும் பாலைப் பாதியாகக் குறையுங்கள். கிழங்கைக் கையால்தான் மசிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் மாவுச்சத்து வெளியேறிப் பசைபோல் இழுபடும், பிறகு அதைச் சரிசெய்யவே முடியாது.

ஆம்லெட்: இரண்டு முட்டைக்கு, தோல் சீவித் துருவிய சுக்கினி (வெள்ளரிபோல் நீளமான ஒரு காய்) 40 கிராம். ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பத்து நிமிடம் வைத்துத் துணியில் கட்டிப் பிழியுங்கள். ஒரு நிமிடம் வதக்கிவிட்டு முட்டையை ஊற்றுங்கள். 50 கிராமைத் தாண்டினால் திருப்பும்போது பிய்யும்.

சோறு: வேக வைக்காத காலிஃபிளவரை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, அரிசிக் குருணை அளவுக்கு உதிர்த்து, நான்கைந்து நிமிடம் வறட்டு வதக்கல். வெந்த சோறு 400 கிராமுக்கு 80 கிராம். அரிசியோடு சேர்த்து வேகவைத்தால் குழைந்து, பானை முழுவதும் வாடை ஏறும். வெறும் வெள்ளைச் சோற்றில் இது தெரிந்துவிடும், தாளித்துக் கிளறிய சோற்றில் தெரியாது.

ரொட்டி மாவு: மாவு 250 கிராம், உப்பு, ஆரஞ்சு விழுது 100 கிராம். முதலில் தண்ணீரே விடாமல் பிசையுங்கள். வறண்டிருந்தால் ஒவ்வொரு கரண்டியாகத் தெளியுங்கள். 20 நிமிடம் ஊறும்போது மாவு மேலும் இளகும், அதனால் பிசையும்போது கொஞ்சம் கெட்டியாகவே விடுங்கள். விழுதின் சர்க்கரையால் ரொட்டி சீக்கிரம் கருகும், தீயைக் குறைத்துச் சுடுங்கள். பச்சை விழுதையும் இதில் சேர்க்கலாம், நிறத்துக்கு மறுப்பில்லாதவராக இருந்தால்.

கண்டுபிடித்துவிட்டால்?

பெரும்பாலும் அளவை அவசரமாக ஏற்றியதுதான் காரணம். மறுக்காதீர்கள், கேட்டதும் என்ன காய், எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அந்தப் பதார்த்தத்தில் பாதி அளவுக்கு இறங்குங்கள். ஒரே நாளில் எல்லா வேளையிலும் கலக்காமல், வழக்கமாகச் செய்யும் ஒரு பதார்த்தத்தையாவது தொடாமல் விட்டுவையுங்கள். எதை நம்பிச் சாப்பிடுவது என்ற சந்தேகம் வந்துவிட்டால் பிடித்த சாப்பாட்டையும் ஒதுக்கிவிடுவார்கள்.

படி 6: விழுதிலிருந்து துண்டுக்கு

உலகச் சுகாதார நிறுவனம் பழமும் காயும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் என்கிறது, உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் வராது. மேலே சொன்ன வழிகளில் ஒரு வேளைக்கு ஒருவருக்குச் சேர்வது 20, 40 கிராம்தான். கலப்பது தொடக்கம் மட்டுமே என்பது இதிலிருந்து தெரியும். ஒரு விழுது பழகியபின் அதே காயை அதே பதார்த்தத்தில் துருவலாகப் போடுங்கள், அதன்பின் பட்டாணி அளவுத் துண்டாக. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்: காயை மாற்றினால் வடிவத்தை மாற்றாதீர்கள், வடிவத்தை மாற்றினால் காயை மாற்றாதீர்கள்.

நார்ச்சத்து பழகாத வயிற்றில் திடீரென்று காய் கூடினால் வாயு, உப்புசம் வரும், குறிப்பாகக் காலிஃபிளவரில். அளவை வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றி, தண்ணீரும் போதுமான அளவு குடிக்கச் சொல்லுங்கள். கேக்கில் பீட்ரூட் சேர்த்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுநாள் சிறுநீர் சிவந்து தெரிந்தால் காரணம் தெரியாதவர் பயந்துவிடுவார்.