வாட்டர் ஹீட்டர் பழுது பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் சூடாகவில்லை என்றதும், அதைச் சூடேற்றும் கம்பியான எலிமெண்ட் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதியதை வாங்கி மாட்டுவதே, தொட்டி உள்ள மின் ஹீட்டர்களில் பரவலாக நடக்கும் தவறு. மின்சாரம் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), கட்-அவுட் (சூடு வரம்பு மீறினால் துண்டிப்பது), தெர்மோஸ்டாட் (வெப்பத்தைக் குறித்த அளவில் நிறுத்துவது) ஆகியவற்றைக் கடந்த பிறகே எலிமெண்ட்டை அடைகிறது என்பதால், அந்த வரிசையிலேயே சோதித்து வருவதுதான் முறை. 230 வோல்ட்டில் இயங்கும் 2000 வாட் எலிமெண்ட், இணைப்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால், ஏறத்தாழ 26 ஓம் காட்டும். அவ்வாறு காட்டினால் கம்பி அறுபடவில்லை, குறை வேறிடத்தில் இருக்கிறது. ஹீட்டரின் முகப்பில் உள்ள விளக்கு எரிவதை வைத்து மட்டும் எலிமெண்ட் வேலை செய்கிறது என்று நம்பவும் முடியாது. பல ஹீட்டர்களில் எலிமெண்ட் அறுந்திருந்தாலும் அந்த விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

பழுதே இல்லாததைப் பழுது என்று எண்ணுவதும் உண்டு. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் எலிமெண்ட்டுக்கு ஏறத்தாழ 18 நிமிடங்கள் தேவை. ஐந்து நிமிடத்தில் குழாயைத் திறந்துவிட்டு ஹீட்டரைக் குறை சொல்வதில் பயனில்லை.

கழற்றும் முன் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது ஆபத்தானது. வயரிங்கில் பேஸும் (மின்சாரம் வரும் வயர்) நியூட்ரலும் (அது திரும்பும் வயர்) இடம் மாறியிருந்தால், சுவிட்ச் நியூட்ரலை மட்டுமே துண்டிக்கும்; ஹீட்டருக்குள் மின்சாரம் அப்படியே நிற்கும். எம்சிபியையும் அணைத்து, மல்டிமீட்டரால் உறுதிசெய்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். டெஸ்டரின் சிறு விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கைவைக்கக் கூடாது.

மேற்கண்டவற்றைவிடக் கடுமையான தவறுகள், பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட பாகங்களையே தொல்லையாகக் கருதி அகற்றுவதால் நேர்கின்றன. கட்-அவுட் அடிக்கடி விழுகிறது, அதாவது தானே இணைப்பைத் துண்டிக்கிறது என்பதற்காக அதன் இரு முனைகளையும் ஒரு வயரால் நேரே இணைத்துவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வரம்பு மீறிச் சூடாகும்போதுதான் பெரும்பாலும் அது விழுகிறது. ஒருமுறை ரீசெட் செய்து பார்க்கலாம். மீண்டும் விழுந்தால் மாற்ற வேண்டியது தெர்மோஸ்டாட்டாக இருக்கக்கூடும். மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுந்தாலும் இதே கதைதான். பெரும்பாலும், எலிமெண்ட்டின் உறையில் விரிசல் விழுந்து மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது என்பதை அது அறிவிக்கிறது. அதற்கு எர்த் வயரைக் கழற்றிவிடுவது, குளிப்பவரின் உடலையே எர்த்தாக மாற்றும் செயல். எம்சிபி விழுகிறது என்று அதைவிட அதிக ஆம்பியருள்ள ஒன்றை மாட்டினால், அடுத்து சூடேறுவது சுவருக்குள் இருக்கும் வயர்தான்.

தொட்டியில் அழுத்தம் மிகும்போது நீரை வெளியேற்றும் பாதுகாப்பு வால்விலிருந்து நீர் சொட்டுவதைக் கண்டு அதை அடைத்துவிடுவதைத்தான் எல்லாவற்றிலும் மோசமானதாகக் கருதுகிறேன். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை சூடேறும் தண்ணீர் ஏறத்தாழ 1.4 சதவீதம் விரிவடைகிறது. 15 லிட்டர் தொட்டியில் அது 200 மில்லிலிட்டருக்கு மேல். உள்வரும் குழாயில் ஒருவழி வால்வு இருந்தால், அந்த நீர் வெளியேற வேறு வழியில்லை. ஆகவே சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டுவது இயல்பு. ஹீட்டர் ஓடாதபோதும் விடாமல் ஒழுகினால், வால்வில் தூசு சிக்கியிருக்கலாம், அல்லது வரும் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கலாம். அடைக்கப்பட்ட வால்வோடு தெர்மோஸ்டாட்டும் பழுதாகி, கட்-அவுட்டும் வேலை செய்யாவிட்டால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அழுத்தத்தில் நிற்கும். தொட்டி விரிந்து கிழியும் கணத்தில் அந்தத் தண்ணீரின் ஒரு பகுதி நீராவியாகி வெடிக்கும்.

கடபுடவென்ற சத்தம் எலிமெண்ட்டின் மேல் படிந்த உப்பினால் வருவது. உப்பை நீக்கினாலே போதும். உப்பை நீக்கத் தொட்டியைத் திறப்பவர்கள், மெக்னீசிய அனோடு தண்டைப் பார்க்காமல் மூடிவிடுகிறார்கள். தொட்டியின் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுவதே அதன் வேலை என்பதால், கம்பி மட்டும் எஞ்சும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றியாக வேண்டும். மூடியின் இடுக்கில் கசிவைத் தடுக்கும் பழைய ரப்பர் கேஸ்கட்டையும் மீண்டும் போடக் கூடாது.

வேலை முடிந்ததும் உடனே சுவிட்சைப் போடுபவர்கள், புதிதாக மாட்டிய எலிமெண்ட்டை வெறுந்தொட்டியில் சில நிமிடங்களிலேயே எரித்துவிடுகிறார்கள். சுடுநீர்க் குழாயைத் திறந்துவைத்து, காற்று முழுவதும் வெளியேறி நீர் சீராகக் கொட்டிய பிறகு, கேஸ்கட்டைச் சுற்றிக் கசிவு இல்லை என்பதையும் பார்த்துவிட்டே மின்சாரம் கொடுக்க வேண்டும்.