ஆன்டிவைரஸும் உலாவியும் மோதிக்கொண்டால் என்ன செய்வது?

மின்கட்டணம் கட்டவோ மாநகராட்சிக்கு அரையாண்டு சொத்து வரி செலுத்தவோ உட்காரும்போது, குரோம், பயர்பாக்ஸ் போன்ற உலாவியில் ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்ற எச்சரிக்கை வந்து நிற்கிறது. தளத்தில்தான் கோளாறு என்று சிலர் மறுநாளைக்குத் தள்ளிப்போடுகிறார்கள். சிலர் ஆன்டிவைரஸையே நீக்கிவிடுகிறார்கள். பல வேளைகளில் ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதும்.

முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிச் சேர்த்த பழைய கணினிகளில், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற சின்ன வட்டப் பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். ஒவ்வொரு தளமும் தான் உண்மையான தளம்தான் என்று காட்ட, காலக்கெடு உள்ள ஒரு மின்னணுச் சான்றிதழை உலாவியிடம் தருகிறது. தேதி தவறினால் எல்லாச் சான்றிதழ்களும் உலாவிக்குத் தவறாகவே தெரியும். தேதியைத் திருத்துங்கள், பேட்டரியை மாற்றுங்கள்.

தேதி சரியாக இருந்தால், அதே முகவரியைக் கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் தளம் நலமாக இருக்கிறது. சிக்கல் உங்கள் கணினியிலோ வீட்டு இணைப்பிலோ இருக்கிறது.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. எச்டிடிபிஎஸ் (https) என்று முகவரி தொடங்கும் தளத்துக்கும் உலாவிக்கும் இடையே போகும் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டது. அதற்குள் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பல ஆன்டிவைரஸ்கள் நடுவில் புகுந்து அதைப் பிரித்துப் படிக்கின்றன. பிறகு தளத்தின் சான்றிதழுக்குப் பதிலாகத் தாங்களே உருவாக்கிய ஒன்றை உலாவியிடம் நீட்டுகின்றன. உலாவி அதை நம்ப மறுத்தால் எச்சரிக்கை வருகிறது. பயர்பாக்ஸில் இது அதிகம் நடந்தது, ஏனென்றால் யார் வழங்கிய சான்றிதழை ஏற்கலாம் என்பதில் அது நெடுங்காலம் தன் சொந்தப் பட்டியலை மட்டுமே நம்பியது. 2023 நவம்பரில் வந்த 120ஆம் பதிப்பிலிருந்து, ஆன்டிவைரஸ் போன்றவை விண்டோஸில் சேர்த்த சான்றிதழ்களையும் இயல்பாக ஏற்கிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் உடனே புதுப்பியுங்கள்.

நடுவில் நிற்பது யார் என்பதை நீங்களே பார்க்கலாம். பயர்பாக்ஸின் எச்சரிக்கைப் பக்கத்தில் ‘மேம்பட்டவை’ பொத்தானை அழுத்தி, சான்றிதழைப் பார்க்கும் இணைப்பைத் திறங்கள். வழங்கியவர் என்ற இடத்தில் உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. அறிமுகமே இல்லாத பெயர் இருந்தால் அந்தத் தளத்தில் கடவுச்சொல்லை இடாதீர்கள். வங்கிப் பக்கத்தில் எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லவே கூடாது.

இப்போது ஆன்டிவைரஸின் அமைப்புகளைத் திறந்து, எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங், எஸ்எஸ்எல் அல்லது மறையாக்கப்பட்ட இணைப்புகளைச் சோதித்தல் போன்ற பெயருள்ள அமைப்பைத் தேடுங்கள். அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸில் அது வெப் ஷீல்டு என்ற பகுதிக்குள் இருக்கும். அந்த ஒரு அமைப்பை மட்டும் அணைத்துவிட்டு, உலாவியை முழுவதுமாக மூடித் திறங்கள். இதனால் பாதுகாப்பு போய்விடாது: இறக்கும் கோப்புகளை ஆன்டிவைரஸ் தொடர்ந்து சோதிக்கும், சான்றிதழ் உண்மையா என்பதை உலாவியே சரிபார்க்கும். என்னைக் கேட்டால், வீட்டுக் கணினியில் இந்த அமைப்பு எப்போதும் அணைந்தே இருக்கலாம்.

அப்படியும் தீரவில்லையா? ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தா முடிந்த பழையதை, அதை வெளியிட்ட நிறுவனமே தரும் நீக்கும் கருவியால் அகற்றிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். வேறு ஆன்டிவைரஸ் எதுவும் இல்லையென்றால் விண்டோஸ் 10, 11இல் கூடவே வரும் டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ் தானாகவே விழித்துக்கொள்ளும்.

அலுவலக மடிக்கணினியாக இருந்தால் இவை எதையும் தொடாதீர்கள். அங்கே நிறுவனமே இணைப்புகளைச் சோதிக்கக்கூடும். ஐடி பிரிவினரிடம் சொல்லிவிடுங்கள்.