பிரேக் டிஸ்கில் தலை தேய்ந்துபோன ஸ்க்ரூவைக் கழற்றும் முறை

ஹோண்டா, ஹூண்டாய் போன்ற நிறுவனங்களின் பல கார்களில் பிரேக் டிஸ்க், சக்கரம் பொருந்தும் மையப் பகுதியான ஹப்புடன் இரண்டு சிறிய ஸ்க்ரூக்களால் பிடிக்கப்பட்டிருக்கும். சாமான் கடைகளில் சி.எஸ்.கே. என்று சொல்லப்படும், தலை உள்ளே அமுங்கி உட்காரும் வகை அது. மழைநீரிலும் பிரேக் சூட்டிலும் சில ஆண்டுகள் கிடந்தபின் துரு ஏறி, ஸ்க்ரூவும் டிஸ்கும் ஒரே இரும்பாக ஒட்டிக்கொள்கின்றன. வீட்டிலேயே டிஸ்க் மாற்ற முனைபவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஸ்க்ரூ டிரைவர் முதல் முறை வழுக்கிய உடனே கையை எடுத்துவிட வேண்டும் என்பதை எல்லாவற்றுக்கும் முன்பாகச் சொல்லிவிடுகிறேன். தலையில் உள்ள கூட்டல் குறியின் ஓரங்களில் வெள்ளி நிறத்தில் பொடி தெரிந்தால், பிடிமானம் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகும் நான்கைந்து முறை முயன்றால் குறி மறைந்து வெறும் வட்டக் குழிதான் மிஞ்சும்.

நாம் ஸ்டார் என்று அழைக்கும் பிலிப்ஸ் முனையின் பக்கங்கள் சரிவானவை. எதிர்ப்பு கூடும்போது டிரைவர் அந்தச் சரிவில் ஏறி வெளியே வந்துவிடுகிறது. ஆகவே, திருகும் விசையைவிட உள்ளே அழுத்தும் விசை அதிகமாக இருக்க வேண்டும். முனையின் அளவும் அதே அளவு முக்கியம். வீடுகளில் பொதுவாக இருப்பது 2ஆம் எண் டிரைவர்; இந்த ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலும் 3ஆம் எண் முனை தேவைப்படும். ஜப்பானிய வண்டிகளில் வரும் ஸ்க்ரூக்கள் ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தொழில் தரத்தில் அமைந்தவையாக இருந்தால், பிலிப்ஸ் முனை அவற்றில் அடிவரை இறங்காது. தலையில் ஒரு சிறு புள்ளி இருப்பது அந்தத் தரத்தின் அடையாளம்.

வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல், ஸ்டாண்டின் மீது இறக்கிவிட்டு, தரையில் உள்ள சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். டிஸ்கை இருபுறமும் பிரேக் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை இப்போதே கழற்ற வேண்டாம். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்தால் டிஸ்க் சுழலாமல் நிற்கும். தலையின் குழியைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துருவிளக்கி எண்ணெயை ஒரு சொட்டு மட்டும் விட்டு, அரை மணி நேரமாவது ஊற விடுங்கள். எண்ணெய் பேடிலோ டிஸ்கின் உராயும் பரப்பிலோ படக்கூடாது. கேஸ் டார்ச்சால் சூடாக்கும் யோசனையை இங்கே நான் ஏற்பதில்லை; பேரிங் சீலும் ஏ.பி.எஸ். சென்சாரும் மிக அருகில் இருக்கின்றன.

ஊறியபின் கையில் எடுக்க வேண்டியது சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர். அதன் பின்புறம் விழும் அடி, முனையைக் குழிக்குள் அழுத்திக்கொண்டே சிறிதளவு திருப்பியும் விடுகிறது. சாதாரண டிரைவர் எதில் தோற்கிறதோ அதையே இது ஈடுசெய்கிறது. கழற்றும் திசைக்கு அமைத்து, முனையைக் குழியில் வைத்து, டிரைவரின் உடலை இடப்புறம் திருப்பி இறுக்கிப் பிடித்தபடி, கனமான சுத்தியலால் நேராக ஓங்கி அடியுங்கள். தயங்கித் தயங்கித் தட்டுவது தலையை மேலும் கெடுக்கும். நான்காவது, ஐந்தாவது அடியில் கைக்குள் ‘டக்’ என்று ஒரு சிறு நெகிழ்வு தெரியும்; துரு உடைந்த நேரம் அது. மீதியைச் சாதாரண டிரைவரால் சுழற்றி எடுத்துவிடலாம்.

குழி முழுவதும் வட்டமாகிவிட்டிருந்தால், தலையின் ஓரத்தில் உளியால் ஒரு வெட்டு விழச் செய்து, பிறகு உளியைச் சாய்த்து இடஞ்சுழியாகத் தட்டிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் டிரில்தான். சக்கரத்தை மாட்டி நட்டுகளை இறுக்கிய பின் டிஸ்கைத் தாங்குபவை அந்த நட்டுகளே என்பதால், ஸ்க்ரூவின் தலையை இழப்பதில் ஆபத்து எதுவும் இல்லை. தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கருவியால் குறியிட்டு, 3 மில்லிமீட்டர் பிட்டால் வழி செய்து, பிறகு 6.5 மில்லிமீட்டர் பிட்டைக் குறைந்த வேகத்தில், அழுத்தம் கொடுத்து, தலையின் ஆழத்துக்கு மட்டும் இறக்குங்கள். இந்த அளவு எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்க்ரூவுக்கு உரியது. தலை ஒரு வளையமாகப் பிட்டோடு சுழன்று வந்துவிடும். காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவிட்டு டிஸ்கை உருவினால், ஹப்பில் சிறு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். தலை கொடுத்த இறுக்கம் இப்போது இல்லாததால், வைஸ் கிரிப்பால் பற்றித் திருப்பும்போது அது பெரும்பாலும் எளிதாகவே வந்துவிடுகிறது.

ஸ்க்ரூவில் துளையிட்டு அதற்குள் செலுத்தித் திருப்பும், ஈஸி அவுட் எனப்படும் பிடுங்கியைக் கடைசிவரை ஒதுக்கி வையுங்கள். அது கடினப்படுத்திய எஃகு. துளைக்குள் முறிந்துவிட்டால் சாதாரண பிட்டால் அதைத் துளைக்க முடியாது.

புதிய டிஸ்கைப் பொருத்துமுன் ஹப்பின் மரையில் எம்6 டேப் என்னும் மரை வெட்டும் கருவியை ஒருமுறை ஓட்டி, ஹப்பின் முகப்பில் உள்ள துருவைத் தேய்த்தெடுங்கள். பழைய ஸ்க்ரூவைத் திரும்பப் போடாமல், புதியதன் மரையில், ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிதாகத் தடவி, டிரைவரால் கையளவு இறுக்கினால் போதும். பிரேக் கிளீனரால் டிஸ்கின் இரு பரப்புகளையும் துடைத்துவிட்டு, காலிப்பரையும் சக்கரத்தையும் மாட்டி, வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை பிரேக்கை மிதியுங்கள்.