சக்கரம் இல்லாமல் முதல் மண் கிண்ணம்

மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாலே எல்லோருக்கும் சக்கரம்தான் நினைவுக்கு வரும். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஓடும் சக்கரத்தில் மண் ஆடாமல் நடுவில் நிற்கவே வாரக்கணக்கில் பழக வேண்டும். கையாலேயே ஒரு சின்னக் கிண்ணம் செய்வோம். செய்ய அரைமணி நேரம், காய ஒரு வாரம். கஷ்டம் அந்த ஒரு வாரம்தான்.

முதலில் மண். பக்கத்தில் பானை செய்கிறவர்கள் இருந்தால் பிசைந்த மண்ணாகவே இரண்டு கிலோ கேட்டு வாங்குங்கள். குளத்து மண்ணை அள்ளி வந்து கல் பொறுக்கி, கரைத்து, வடிகட்டுவதெல்லாம் முதல் தடவைக்கு வேண்டாத வேலை. கடையில் வாங்கினால் டெரகோட்டா களிமண் என்று கேளுங்கள், காற்றிலேயே இறுகும் கைவினைக் களிமண்ணைக் கொடுத்துவிடப் போகிறார்கள், அது சூளைக்கு ஆகாது. பென்சில் கனத்துக்கு உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். விரிசல் விட்டால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும், கையில் ஒட்டினால் சற்று நேரம் காற்றாட வைக்க வேண்டும்.

அப்புறம் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவு போல மடித்து மடித்து அல்ல, அப்படிச் செய்தால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் முன்னே தள்ளி, உருட்டி எடுத்து, மறுபடி தள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து நைலான் நூலால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். அறுத்த இடம் இட்லியைப் பிட்ட மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தால் இன்னும் பிசையுங்கள், அல்வாத் துண்டு மாதிரி வழவழவென்றிருந்தால் சரி. இதற்குள் போன் இரண்டு முறை அடித்திருக்கும், இரண்டு கையிலும் மண் என்பதால் எடுத்திருக்க மாட்டீர்கள். எனக்கு இந்தப் பழக்கத்தில் பிடித்ததே அதுதான்.

சாத்துக்குடி அளவு உருண்டை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலை நடுவில் இறக்குங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் மண் மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். இனி கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே, ஒரு கிள்ளு, ஒரு சின்னத் திருப்பு, இன்னொரு கிள்ளு. கீழிருந்து மேலே வாருங்கள். எல்லோரும் செய்யும் தப்பு, விளிம்பை முதலில் மெலிதாக்குவது. அது விரிந்து தட்டாகிவிடும், திரும்பக் கிண்ணமாகாது. விளிம்பைத் தடியாகவே விட்டுவிட்டுக் கடைசியில் தொடுங்கள். விரிசல் தெரிந்தால் ஈர விரலால் ஒரு தடவு, அவ்வளவுதான். தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கிண்ணம் தொளதொளத்து உட்கார்ந்துவிடும்.

இப்போது காயவைப்பது. என் முதல் கிண்ணத்தை மொட்டை மாடி வெயிலில் வைத்தேன், சாயங்காலம் விளிம்பிலிருந்து பாதி உயரத்துக்குப் பிளந்திருந்தது. மண் விற்ற அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினால், "வெயில்ல வச்சியா கண்ணு? நெழல்ல போடு, அதுவா காயட்டும்" என்று சொல்லிவிட்டு அகல் எண்ணப் போய்விட்டார். விஷயம் இதுதான்: காயும்போது மண் சுருங்கும். மெலிதான விளிம்பு முதலில் காய்ந்து சுருங்குகிறது, அடிப்பாகம் ஈரமாக அப்படியே நிற்கிறது, இரண்டும் இழுக்கிற இழுப்பில் பிளக்கிறது. ஆகவே முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி வையுங்கள். விளிம்பு இறுகியதும் கவிழ்த்து வைத்துச் செய்தித்தாளால் மூடுங்கள். இந்த அரை ஈரப் பதம் முக்கியமானது. நம் ஊர்ப் பானைகளைச் சக்கரத்திலிருந்து அடி திறந்தபடி அறுத்தெடுத்து, இந்தப் பதம் வந்தபிறகுதான் உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். நீங்கள் கரண்டியின் முதுகால் தேய்த்து மெருகேற்றலாம், பெயர் கீறலாம்.

காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

சுடுவதற்கு வீட்டு அடுப்போ ஓவனோ உதவாது. சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகுதான் மண் திரும்பச் சேறாக முடியாத பொருளாக மாறும். மண் வாங்கிய இடத்திலேயே அவர்கள் சூளையில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். சரியாகக் காயாததைக் காய்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்தால் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய பானையும் போகும். சுட்டு வந்த கிண்ணத்தில் தண்ணீர் மெல்லக் கசியும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அந்தக் கசிவால்தான். டீக்கு ஆகாது, சின்னச் செடி வைக்கலாம்.

சுடுவதற்கு முன்பே உடைந்த கிண்ணத்தைத் தூக்கிப் போடாதீர்கள். முழுக்கக் காயவிட்டுத் தண்ணீரில் போடுங்கள், சத்தம் போட்டுக் குமிழி விட்டபடி தானே கரையும். அரை ஈரமாகப் போட்டால் கட்டி கட்டியாக அப்படியே கிடக்கும். கை கழுவுவதும் ஒரு வாளியில்தான், சிங்க்கில் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இரவு அப்படியே விட்டு, காலையில் தெளிந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய மண்ணைப் பைக்குள் போட்டுக் கட்டி வையுங்கள்.