பெரிய எண்ணில் கைவைக்கிறவர்கள் விடும் பிழைகள்

உவர்மலையில் பின்னேர வகுப்புக்கு வருகிற உயர்தரப் பிள்ளைகளுக்கு வழமையாக ஒரு எண் கொடுப்பேன்: 2இன் 67ஆம் வலுவில் ஒன்று குறைவு. 1ஆலும் தன்னாலும் மட்டும் பிரிபடும் முதன்மை எண்ணா, வேறு காரணியும் உள்ள சேர்த்தி எண்ணா? படிக்கிற காலத்தில் எங்கள் செட் விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். 1ஐ முதன்மை எண் என்று சொல்வது மாதிரிச் சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

திரையை நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அந்த எண் 147573952589676412927. எக்செல் முதல் 15 இலக்கத்தை மட்டும் காட்டி, மிச்சம் ஆறையும் பூச்சியமாக்கிவிடும். உடனே "சேர், 10ஆல் பிரிபடுது" என்று ஒரு குரல் வரும். இரண்டின் வலுவில் ஒன்றைக் கழித்தால் ஒற்றை எண் அல்லவா வரவேண்டும்!

போன விடுமுறையில் ஒரு தம்பி இதையும் தாண்டினான். 3ஆல் வகுத்தானாம், தசமம் வரவில்லையாம், ஆகவே 3 காரணியாம். இலக்கங்களைக் கூட்டச் சொன்னேன். 109 வந்தது. அது 3ஆல் பிரிபடாது, ஆகவே எண்ணும் பிரிபடாது. அதற்குப் பிறகும், "அந்த விதி சின்ன எண்ணுக்குத்தானே சேர்?" என்றான். கணினியைச் சந்தேகிக்க மனம் வரவில்லை, விதியைச் சந்தேகிக்க வந்தது. அதற்குள் 7, 11, 13 எல்லாம் காரணி என்று கொப்பி நிறைய எழுதியும் வைத்திருந்தான்.

நடப்பது இதுதான். எக்செல் எண்ணை 53 துவித இலக்கத்துக்குள் (0, 1 மட்டும்) அடக்குகிறது. 9007199254740992 தாண்டினால் எல்லா முழு எண்ணுக்கும் அங்கே இடமில்லை. நம்முடைய எண் இருக்கும் உயரத்தில் 16384க்கு ஒன்றுதான் பதிவாகும். அதனால் கழித்த அந்த ஒன்று காணாமல் போய், வெறும் 2இன் 67ஆம் வலுதான் மிஞ்சும். 3ஆல் வகுத்து வரும் ஈவும் 20 இலக்கம். அதில் தசமத்துக்கு இடம் ஏது? எந்தச் சின்ன எண்ணால் வகுத்தாலும் மீதியில்லாத மாதிரித்தான் தெரியும்.

பைத்தன் என்ற நிரல்மொழி முழு எண்ணை முழுசாகவே வைத்திருக்கும். ஆனால் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் அதுவும் தசமத்துக்குப் போய்விடும். மீதியைத்தான் கேட்க வேண்டும். கையாலும் முடியும்: 2இன் வலுக்களை 3ஆல் வகுத்தால் மீதி 2, 1, 2, 1 என்று மாறிமாறி வரும். 67 ஒற்றை, ஆகவே மீதி 2. ஒன்றைக் கழித்தால் 1. 3 காரணி இல்லை, முடிந்தது.

கண்டபடி வகுத்துப் பார்ப்பது

சுட்டி, அதாவது வலுவாக நிற்கும் 67, முதன்மை எண் என்பதால், இதன் ஒவ்வொரு முதன்மைக் காரணியும் 134இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகவே இருக்கும். 3, 7, 11 எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். 1903இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் காட்டிய காரணிகள் 193707721, 761838257287. முதலாவதில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 134 × 1445580.

சுட்டி முதன்மை, ஆகவே எண்ணும் முதன்மை

இல்லை. 2இன் 11ஆம் வலுவில் ஒன்று குறைவு 2047. அது 23 × 89. பிரெஞ்சுத் துறவி மெர்சென்னேகூட 1644இல், முதன்மை எண் தரும் சுட்டிகள் என்ற தன் பட்டியலில் 67ஐச் சேர்த்துவிட்டார்.

காரணி கிடைத்தால்தான் சேர்த்தி எண்

பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 1876இல் ஒரு காரணியும் காணாமலே இது சேர்த்தி எண் என்று நிறுவினார்.

மொத்தக் காரணிகள் இரண்டு

நாலு. 1ஐயும் அந்த எண்ணையும் யார் எண்ணுவது?