ஒன்பதாம் வகுப்பை மலைக்குக் கூட்டிப் போகிறீர்களா? முதலில் ஒரு தராசு தேடுங்கள்

போன வருடம் என் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரை இரண்டு நாள் ஏலகிரிக்குக் கூட்டிப் போய் வந்தேன். அதற்கு முந்தைய வருடம் நன்றாகப் பட்டுத் தெளிந்திருந்ததால் இந்த முறை தப்பித்தேன். சென்னையில் இதே வேலை தலையில் விழுந்திருக்கும் டீச்சர்களுக்காக எழுதுகிறேன். சம்மதக் கடிதம், முதலுதவிப் பெட்டி, ஜோலார்பேட்டை வரை ரயிலா, பஸ்ஸா என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

படி 1: தேதியும் அனுமதியும்

பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரிக் கடைசியில் போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பிப்ரவரி தாண்டினால் காடு காய்ந்துவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது நினைவிருக்கும். "லோக்கல் ஆள் கூட்டிட்டுப் போவாரு மேடம்" என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். வனத்துறை 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பாதைகளைப் பார்த்து முன்பதிவு செய்யலாம்.

படி 2: கால்

நம் ஊரில் மேடு என்றால் மேம்பாலம்தான். அதனால் ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பரங்கிமலை. சுமார் 300 அடி உயரம்தான், ஆனால் படிக்கட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கினாலே யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் ஷூ கடிக்கிறது என்று தெரிந்துவிடும். பயணத்துக்கென்று புது ஷூ வாங்கவே கூடாது. ஒரு மாதமாவது போட்டுப் பழகியதுதான் சரி.

படி 3: பை (நான் கவிழ்ந்த இடம்)

முதல் வருடம் இருபத்து மூன்று பொருள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஏலகிரியின் உச்சியான சுவாமிமலை ஏற்றத்தில் பாதி தூரம்கூடப் போகவில்லை, எனக்கு முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை, பி.டி. சார் தோளில் மூன்று. இறங்கி வந்து திறந்து பார்த்தால் ஒரு குடும்பமே சாப்பிடும் அளவு முறுக்கு, எவர்சில்வர் டப்பாவோடு. இன்னொன்றில் தலையணை. "அது இல்லாம தூக்கம் வராது மிஸ்."

பட்டியலில் பொருள் இருந்தது, எடை இல்லை. பள்ளிப் பைக்கு 2020-இல் வந்த தேசியக் கொள்கை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்கிறது. மலைக்கும் அதையே வைத்துக்கொண்டேன். நாற்பது கிலோ பிள்ளைக்கு நான்கு கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீரே இரண்டு கிலோ. மிச்சம் இரண்டு கிலோவுக்குள் தொப்பி, துண்டு, மழைக்கோட்டு, சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். மாற்றுத்துணி தங்குமிடத்திலேயே இருக்கட்டும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே, அதே பையை அடுக்கிப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நிறுத்துப் பாருங்கள். குளியலறைத் தராசு எனக்குப் பிடிக்காது. இடம் மாற்றி வைத்தால் எடையும் மாறும். கொக்கியில் தொங்கவிடும் தராசுதான் நல்லது. எங்கள் தெருப் பழைய பேப்பர் கடை அண்ணனிடம் ஒரு மணி நேரம் இரவல் கேட்டேன். "தராசெல்லாம் தர மாட்டேன் டீச்சர், நானே வர்றேன்" என்று வந்துவிட்டார். ஒவ்வொரு பையாகத் தொங்கவிட்டு, "இதுல என்னம்மா, கல்லா வச்சிருக்க?" என்று அவர் கேட்டதில், நான் ஒரு மணி நேரம் பேசியும் வெளியே வராத தலையணைகள் வெளியே வந்தன.

படி 4: விழிப்புணர்வு

ஃப்ளெக்ஸ் பேனர் பிடித்து "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்" என்று ஊர்வலம் போவதை நான் நிறுத்திவிட்டேன். பேனரே பிளாஸ்டிக். 2019 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது என்று பாடம் எடுத்தாலும் கொட்டாவிதான்.

பதிலாக, பரங்கிமலைப் பயிற்சியன்று கையுறை போட்டுக்கொண்டு வழியில் கிடந்த குப்பையைப் பொறுக்கினோம். எங்கள் தின்பண்டக் கவர்களையும் அதே சாக்கில் போடச் சொன்னேன். நேராக அதே அண்ணன் கடை. பாட்டிலை எடுத்தார், அட்டையை எடுத்தார், சிப்ஸ் கவர்களைக் காலால் ஒதுக்கினார். "இத யாரும் வாங்க மாட்டாங்க." ஏன் என்று ஒருவன் கேட்டான். உள்ளே பளபளப்பது அலுமினியம், வெளியே பிளாஸ்டிக். ஒட்டிய இரண்டையும் பிரிப்பது லேசில்லை என்று அங்கேயே ஒரு கவரைக் கிழித்துக் காட்டினேன். ஒரு சாக்கு நிறைய இருந்தது, நிறுத்தால் ஒரு கிலோ சொச்சம். எண்ணியபோது பாதிக்கு மேல் நாங்கள் அன்று காலை தின்றது.

ஏலகிரிக்குக் கடலை மிட்டாயும் பொரியும் சில்லறையாக வாங்கி, சம்படத்தில் போட்டு மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டோம். யோசனை அவர்களுடையது. பொரி நமுத்துப் போனது, அடுத்த முறை வறுத்த கடலை.

பின்சேர்க்கை: பெண் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று இரண்டு அம்மாக்கள் கேட்டிருந்தார்கள். நாப்கின், பழைய செய்தித்தாள், மூடியுள்ள ஒரு டப்பா, எல்லாம் என் பையில் இருக்கும். கேட்க வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லிவிடுவேன்.

இன்னொரு பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு வகுப்பின் முன் பிள்ளைகளையும் நிற்கவைத்து எடை பார்த்ததாகவும், ஒரு பையன் அன்று மதியம் சாப்பிடவில்லை என்றும் ஒரு டீச்சர் எழுதியிருந்தார். தப்பு என்னுடையது, நான் சொல்லியிருக்க வேண்டும். பி.டி. சாரின் மருத்துவப் பதிவேட்டில் எடை இருக்கும். அதைப் பார்த்து அவரவர் பைக்கான அளவைத் துண்டுச்சீட்டில் எழுதி மடித்துக் கொடுங்கள். தராசில் ஏற வேண்டியது பை மட்டும்தான்.