கடலோரச் சிற்றூரில் கழிவுநீர் சுத்திகரிப்பு: எங்கே தவறுகிறோம்?

நிலையம் திணறத் தொடங்கியதும் முதலில் எழும் பேச்சு, "கொள்ளளவு போதவில்லை, இன்னொரு தொட்டி கட்டுவோம்" என்பதுதான். கடலோர ஊர்களில் இது பெரும்பாலும் அவசர முடிவு. ஊரில் ஆட்கள் கூடாமல் வரத்து மட்டும் கூடினால், கூடியது கழிவுநீர் இல்லை. நிலத்தடி நீரும் கடல்நீரும். கடற்கரையில் நிலத்தடி நீர்மட்டம் மேலேயே நிற்கும். குழாய் இணைப்புகள் விலகிய இடத்திலும், மேன்ஹோல் சுவர் விரிசல் விட்ட இடத்திலும் அது ஓயாமல் உள்ளே ஊறும். அதையும் காசு கொடுத்து பம்ப் செய்து, காற்று ஊதி, சுத்திகரித்து, திரும்பக் கடலிலேயே விடுகிறோம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஊர் உறங்கும் இரவு 2 மணியிலிருந்து 4 மணி வரை வரத்தைக் கவனியுங்கள். அப்போதும் குழாய் தாராளமாக ஓடினால் அதில் பெரும்பங்கு கசிவுதான். அப்புறம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு முறையும் வற்றியபின் ஒரு முறையும், மேன்ஹோல் மேன்ஹோலாக வாளியில் நீர் மொண்டு மின்கடத்துதிறனை அளக்க வேண்டும். கடல்நீர் சென்டிமீட்டருக்கு 50,000 மைக்ரோசீமென்ஸ் அளவில் காட்டும். வீட்டுக் கழிவுநீர் சாதாரணமாக ஒன்றிரண்டாயிரம்தான். கொஞ்சம் கடல்நீர் கலந்தாலும் மீட்டர் எகிறிவிடும். எந்த இரண்டு மேன்ஹோல்களுக்கு நடுவில் எகிறுகிறதோ, அங்கேதான் ஓட்டை. கடலைப் பார்த்திருக்கும் வழிந்தோடிக் குழாயின் தடுப்பு வால்வையும் மறக்காதீர்கள். விளிம்பில் சிப்பி ஒட்டி வளர்ந்தாலோ ஒரு குச்சி சிக்கினாலோ மூடி முழுசாக மூடாது. ஒவ்வொரு ஓதத்துக்கும் கடல் உள்ளே வரும். குழாய் அடைப்பு வேலைக்குத் திறப்பு விழா நடத்த முடியாதுதான். ஆனாலும் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

உப்பு வந்தால் கெடுவது கொள்ளளவு மட்டுமில்லை. ஏரேஷன் தொட்டியில், அதாவது காற்று ஊதும் தொட்டியில், அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஓரளவு உப்புக்கு மெல்லப் பழகிக்கொள்ளும்; இன்று நன்னீர், நாளை உப்பு என்று திடீர் திடீரென மாறினால் தாங்காது. நுண்ணுயிர்கள் ஒட்டிச் சேர்ந்த கசடுத் திரள்கள் உடைந்து, தெளிவுத் தொட்டியிலிருந்து கலங்கலாக நீர் வெளியேறும். உடனே காற்று ஊதும் ப்ளோயரைக் கூட்டுகிறார்கள். உப்பால் வந்த கோளாறுக்குக் காற்று மருந்தாகாது, மின்கட்டணம்தான் ஏறும்.

ஆய்வக முடிவிலும் ஏமாற வாய்ப்புண்டு. நீரிலுள்ள அழுக்கை வேதிமுறையில் ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளப்பது சிஓடி சோதனை. அதில் உப்பிலுள்ள குளோரைடின் குறுக்கீட்டை மெர்குரிக் சல்பேட் தடுத்து வைக்கும். ஆனால் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு வரைக்கும்தான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருப்பதால், பத்தில் ஒரு பங்கு கலந்தாலே எல்லைக்கு வந்துவிடும். அதைத் தாண்டினால், இல்லாத அழுக்கையும் சேர்த்துக் காட்டும். முதலில் குளோரைடை அளந்துவிட்டு, தேவையானால் மாதிரியை நீர்க்கச் செய்த பிறகே சிஓடி பார்க்க வேண்டும்.

கடல்நீரோடு வரும் சல்பேட் இன்னொரு தலைவலி. காற்றில்லாத குழாயில் அது ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அந்த வாயு குழாயின் மேற்புறத்து ஈரத்தில் பாக்டீரியாவால் கந்தக அமிலமாகி, கான்கிரீட்டை மாவாக உதிர வைக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால்தான் ஆபத்து என்று நினைப்பது உயிரையே பறிக்கும் தவறு. 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவிலேயே மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். வாயு மீட்டரும் காற்றோட்டமும் மீட்புக் குழுவும் இல்லாமல் யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது. விழுந்தவரைத் தூக்கப் பதறி இறங்கும் இரண்டாவது ஆளுக்கும் இது பொருந்தும்.

சுற்றுலா வரும் ஊர் என்றால் சீசனும் ஒரு சோதனை. கூட்டம் வந்த பிறகு நுண்ணுயிர்களைப் பெருக்க நினைத்தால் நேரம் கடந்திருக்கும். அம்மோனியாவை மாற்றும் வகை மிக மெதுவாக வளரும். அதனால் சீசனுக்குச் சில வாரம் முன்பே கசடு வெளியேற்றுவதைக் குறைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களின் இருப்பைக் கூட்ட வேண்டும். "கூட்டம் வருமுன் தொட்டியைச் சுத்தமாக்குவோம்" என்று கசடை அள்ளிக் கொட்டுவது நேர் எதிரான வேலை.

சீசன் முடிந்ததும் ஒரு தொட்டியை நிறுத்துவது சரிதான், காற்றும் மின்சாரமும் மிச்சம். காலியாக்குவதில்தான் கவனம் வேண்டும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் காலித் தொட்டி மிதக்கப் பார்க்கும். தரை விரிசல் விடும், இணைப்புக் குழாய்கள் முறியும், தொட்டியே ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அடியில் அழுத்தம் விடுவிக்கும் வால்வு இருக்கிறதா, அது அடைத்துக்கொள்ளாமல் வேலை செய்கிறதா, பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் நீரை இறைக்க வேண்டாம். சந்தேகமாக இருந்தால், நல்ல நீரை நிரப்பி அப்படியே விட்டுவைத்து, பழுதுவேலையை நீர்மட்டம் இறங்கும் கோடைக்குத் தள்ளிப்போடலாம்.